நூற்றெட்டாம் முகவரி

போசரித் தொழிற்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரைக்குக் கீழே வேறெதுவும் கேட்காது. அந்த மதியம் உலைக்கூடத்தின் மூலையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, டிபன் டப்பா அளவே இருந்த கன்ட்ரோலரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதன் பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டிக் கண்ணைச் சொக்கவைத்தது.

சொக்கிப்போகிற நிலைமையில் நான் இல்லை. எங்கள் சின்னக் கம்பெனி செய்த முதல் கன்ட்ரோலர் அது. புதிய உலையின் சூட்டை அளந்து, கேபிள் வழியே ஆபீஸ் கணினிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பா தென்காசியிலிருந்து ஃபோனில் தெளிவாக்கியிருந்தார். "வேலை நிரந்தரம் ஆகலைன்னா பேசாம கெளம்பி வந்துரு. மாப்பிள்ள வீட்டுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம், கிளம்பவும் வேண்டாம். சாங்வியில் நான் தங்கியிருந்த மாடி அறையும், காலை பஸ்ஸின் ஈர ஜன்னலும், யாருக்கும் என்னைத் தெரியாத தெருக்களும் அவ்வளவு பிடித்துப்போயிருந்தன.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி வேண்டும். "நூறுக்கு மேல எல்லாம் காலிதான் மேடம், ஏதாவது போடுங்க" என்று அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் இந்தியில் சொல்லியிருந்தார். அவர் மராத்திக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஏதாவது போடு என்று என்னிடம் சொன்னால் நான் வேறென்ன போடுவேன்? பிள்ளையாரை நினைத்துக் கடைசி எண்ணாக நூற்றெட்டு போட்டேன்.

அப்புறம்தான் கூத்து. மென்பொருளை ஏற்றினால் பாதியில் அறுந்தது. ஒருவழியாக ஏறிய பிறகு, பற்றவே வைக்காத உலை எண்ணூறு டிகிரியில் கொதிப்பதாகத் திரை சொன்னது. வெறுத்துப்போய் கன்ட்ரோலரின் கேபிளையே பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகும், கைப்பழக்கத்தில், மடிக்கணினியிலிருந்து அந்த முகவரியை ஒருமுறை கூப்பிட்டேன்.

பதில் வந்தது.

பயமாகக்கூட இல்லை, இனிமையாக இருந்தது. ஆளில்லாத வீட்டில் கூப்பிட்டால் உள்ளேயிருந்து யாரோ 'என்ன' என்று கேட்கிற மாதிரி. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அதுவும் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசரை அழைத்துக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். கூடத்தின் மறுகோடியில் எரிந்துகொண்டிருந்த பழைய உலையைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். கணபதியை வேண்டிக்கொண்டு அதன் கருவிக்கு நூற்றெட்டு போட்டவர் அவர்தான், மறந்தே போயிருந்தார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் ஒரே முகவரியில் இரண்டு பேர் இருக்க முடியாது, யாராவது ஒருவர் இடம் மாற வேண்டும். பழைய உலை வருஷக்கணக்காக அங்கே குடியிருப்பது. நான்தான் நகர வேண்டும் என்று விசைகளில் கை வைத்தேன்.

"ரெஹனே தோ மேடம், வோ நயா ஹை" என்றார். புதுசுதானே, அது அங்கேயே இருக்கட்டும், நாங்கள் தள்ளிக்கொள்கிறோம் என்று பழைய உலைக்கு நூற்றொன்பது போட்டார். கேபிளைச் செருகியதும் ஆபீஸ் திரையில் புது உலையின் உண்மையான சூடு வந்து நின்றது.

அவர் கன்ட்ரோலரைத்தான் சொன்னார், தெரியும். இருந்தும் அந்த 'இருக்கட்டும்' எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டெலிஃபோன் பூத்திலிருந்து அப்பாவிடம், கருவி வேலை செய்கிறது, இனி வேலை நிரந்தரம்தான் என்று சொன்னேன். "அப்பம் அங்கயே நல்லதா ஒரு வீடு பாரு. நானும் அம்மாவும் வந்தா தங்கணும்லா" என்றார்.