டார்ச் அக்காவின் இருட்டறை

உள்ளே போகுமுன் கதவருகே நின்று கண்களை இறுக மூடிக்கொள்கிறார் டார்ச் அக்கா. "கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். அவசரப்பட்டா அழுகல் தப்பிச்சிடும்." அப்புறம்தான் மஞ்சள் கண்ணாடியை மாட்டி, கறுப்புத் திரையை விலக்குவார்.

ஆரஞ்சுகளைக் கழுவிக் கப்பலுக்கு அனுப்பும் கொட்டகை இது. நான் பெட்டி அடுக்குபவள். கழுவிய பழங்கள் பெல்ட்டில் உருண்டு முதலில் அக்காவின் அறைக்குள் போகும். அங்கே புற ஊதா விளக்கின் கீழ் நல்ல பழம் மங்கிக் கிடக்கும். தோலுக்குள் அழுகத் தொடங்கியது பச்சை கலந்த மஞ்சளாய்ப் பளிச்சிடும். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான். இடக்கையால் அழுகலை எடுப்பார். அந்தக் கை நல்ல பழத்தைத் தொடாது. "பூஞ்சைக்கு என் கை என்ன பஸ்ஸா, ஏறி இறங்க?"

எப்போதும் கறுப்புச் சேலைதான். ஒருமுறை சாப்பாட்டோடு எட்டிப்பார்த்த கணவரின் வெள்ளைச் சட்டை, சலவைத்தூளின் மகிமையால், நீலமாய் ஜொலித்தது. "புது மாப்பிள்ளையாட்டம் மின்னாதீங்க, பழம் தெரியல!" என்று விரட்டினார்.

இந்தப் பருவத்தில் மழை விடவில்லை. அனுப்பிய இரண்டு லோடும் வழியிலேயே அழுகின. மூன்றாவதும் கெட்டால் இனி வேண்டாம் என்றார்கள் வாங்குபவர்கள். அப்படியானால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அக்கா நேரே முதலாளியம்மாவிடம் போனார்.

"பெல்ட்டைப் பாதி வேகத்துல விடுங்கம்மா. எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேணும்."

"கப்பல் போயிடுமே அக்கா!"

"அழுகலை ஏத்திவிட எதுக்குக் கப்பல்?"

முதலாளியம்மா பெல்ட் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மறுநாள் கறுப்புச் சேலையில் எதிரே வந்து நின்றது அவரேதான். முதலில் லேசாக மின்னியதையெல்லாம் எறிந்தார். "அது தோல்ல பட்ட காயந்தாம்மா, விட்டுடுங்க. இதோ, இதுதான் திருடன்!" என்று காட்டினார் அக்கா. போகப்போக இருவர் கையும் ஒன்றாகப் பாய்ந்தன. கப்பல் கிளம்புமுன் கடைசிப் பெட்டியும் ஏறியது.

நேற்று முதலாளியம்மா கைபேசியோடு ஓடிவந்து, இருட்டறைத் திரையை முழுக்கத் திறந்துவிட்டார். பெல்ட் நின்றது. மறுமுனையில், கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகத்திலிருந்து ஏஜென்ட்.

"பிரிச்ச பெட்டி எதுலயும் அழுகல் இல்லம்மா! அடுத்த லோடு எப்போ?"

அக்கா கைபேசியை வாங்கினார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க, சத்தமா!"

ஸ்பீக்கரைப் போட்டு, காலிப் பெட்டிமேல் ஏறி, பெல்ட் நெடுக நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அதை உயரத் தூக்கிப் பிடித்தார்.