செங்கமலத்தின் பூச்செண்டு

கல்யாணப் பூவுக்குச் சொல்ல வருகிறவர்களிடம் சௌகத் அலி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "பொடவ இன்னா கலரு?" அதற்குப் பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. மாலைக்கு எந்தப் பூ, சடைக்கு எந்தப் பூ, பெண் கையில் பிடிக்கும் செண்டு உருண்டையா நீளமா என்பதெல்லாம் அவரே முடிவு செய்துவிடுவார். கல்யாணப் பெண்ணை அவர் கேட்டதே இல்லை. பெண்ணும் கடைக்கு வந்ததில்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சாரியில், ஒரு சைக்கிள் கடைக்கும் நாஸ்தா கடைக்கும் நடுவில் அவருடைய பூக்கடை இருந்தது. அவருடைய அப்பா தோல் மண்டியில் எடை போட்டவர். சௌகத் அலியையும் பதினாறு வயதில் அங்கேதான் சேர்த்தார்கள். தோலின் வாடை ஒத்துக்கொள்ளாமல் ஒரு மாதம் வாந்தி எடுத்துவிட்டு, அதற்கு நேர் எதிரான வாடையைத் தேடிக்கொண்டு பூவுக்கு வந்துவிட்டார். முதலில் சரம் கட்டினார், பிறகு மாலை, பிறகு நிக்காஹ் மாப்பிள்ளையின் முகத்தில் தொங்கும் பூத்திரை. நாற்பது வயதுக்குள் ஊரில் எந்த மதத்துக் கல்யாணம் என்றாலும் பூவுக்கு அவரிடம் வந்தார்கள். விரல் அவ்வளவு வேகம். நார் ஓடுவது தெரியும், முடிச்சு விழுவது தெரியாது. இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1974 டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் என்றும், பெயர் சாவித்ரி என்றும் சொன்னார். அங்கே இருந்து குணமான ஒரு பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளையும் அங்கே இருந்தவர்தான். இரண்டு மாலை, ஒரு பூச்செண்டு வேண்டும்.

சௌகத் அலி சாரியில் தள்ளியிருந்த மற்றப் பூக்கடைகளைப் பார்த்தார். பூக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அங்கெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"கட்டி வெக்கிறேம்மா. ஆளு வந்து வாங்கினு போவட்டும்" என்றார். "பொடவ இன்னா கலரு?"

"கலர் இருக்கட்டும் பாய். நீங்க ஒரு தடவை அவ கையைப் பார்க்கணும். செண்டு அந்தக் கைக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்."

இருபத்தைந்து வருஷத்தில் பூச்செண்டுக்குக் கையை அளவாக யாரும் சொன்னதில்லை. பயம் ஒரு பக்கம், இது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒரு பக்கம். ஆசைதான் ஜெயித்தது. வீட்டில் அவர் மனைவி ஷரீபுன்னிசா சொன்னது இவ்வளவுதான்: "போறதுன்னா போங்க. திரும்பி வந்தா கொல்லப் பக்கமா வந்து குளிச்சிட்டு உள்ள வாங்க."

மறுநாள் ஒரு கூடையில் எல்லாப் பூவிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். ரோஜா, சம்பங்கி, சாமந்தி, மல்லி மொட்டு, மரிக்கொழுந்து, கனகாம்பரம். சாவித்ரி அவரை ஒரு நீளமான அறைக்கு அழைத்துப் போனார். மேஜைகளின் மேல் கோலிக்குண்டுகள், துளை போட்ட பலகைகள், அந்தத் துளைகளில் செருகும் மரக்குச்சிகள். பிள்ளைகள் விளையாடும் சாமான் மாதிரி இருந்தது. பெரியவர்கள்தான் உட்கார்ந்து, வேர்க்க வேர்க்க, ஒரு கோலியை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செங்கமலம் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். பதினான்கு வயதில் இங்கே கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. முகத்தில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. கைகளை மட்டும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"வாங்க பாய். பயமா கீதா?"

சௌகத் அலிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கொஞ்சம் கீதும்மா."

"நெகட்டிவ்னு எளுதிக் குடுத்துட்டாங்க. ஏளு வருசம் ஆச்சி. ஒட்டாது." சொல்லிவிட்டுக் கைகளை வெளியே எடுத்தாள்.

இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனி இல்லாமல் குட்டையாக இருந்தன. புறங்கையில் நீளமாக ஒரு தையல் தழும்பு. அவர் பார்த்தார், பிறகு கூடையைப் பார்த்தார். கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்து முகர்ந்தாள்.

"நல்லாத்தான் கீது" என்று அவள் சொல்லும்போதே அவளுடைய கட்டைவிரலில் ஒரு சொட்டு சிவப்பு உருண்டு நின்றதை அவர் கண்டார். முதலில் ரோஜா இதழ் என்று நினைத்தார். அது கீழே இறங்கி மணிக்கட்டில் ஓடியது. அவள் இன்னும் முகர்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கை. முள்ளு."

செங்கமலம் கையைத் திருப்பிப் பார்த்தாள். வேறு யாரோ ஒருவரின் கையைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டு, ரோஜாவைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாது பாய். சூடு பட்டாலும் தெரியாது, குத்துனாலும் தெரியாது. கண்ணால பாத்தாத்தான் உண்டு. இந்த வெரலுங்க அப்படித்தான் போச்சி."

தினமும் பொழுது சாயும் முன்னால் விரல் விரலாகத் திருப்பிப் பார்த்து, எங்கே காயம் என்று அவள் தேடுவாள் என்று சாவித்ரி சொன்னார். சௌகத் அலி ரோஜாவைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தார். ரோஜா போனால் கம்பியும் போகவேண்டும். செண்டு என்றால் ஒவ்வொரு பூவையும் மெல்லிய கம்பியில் குத்தித்தான் நிறுத்துவார்கள். அந்தக் கம்பி முனை இந்தக் கையில் ஏறினால் யாருக்குத் தெரியும்? குண்டூசி கூடாது. ஜரிகைத் தாளும் வேண்டாம், அதன் ஓரம் கீறும். இவ்வளவு நாளும் பெண்களின் கையில் எத்தனை முனைகளைக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு யோசனை தோன்றியது. அதை நல்ல யோசனை என்றே நினைத்தார். "ஒண்ணு பண்றேம்மா. செண்ட நல்லாப் பெருசா, அகலமாக் கட்டிடறேன். சுத்தி மரிக்கொழுந்து தொங்க உட்டா கையே தெரியாது. போட்டோவுல பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

செங்கமலம் வலது கையை அவர் முகத்துக்கு எதிரே நீட்டினாள். "இங்க பாருங்க பாய்."

விரல்கள் மெல்ல மடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரம் இல்லாமல், உள்ளங்கையில் போய்ப் படிந்தன. பிறகு அதே போல் விரிந்தன. மறுபடி மடங்கின.

"நாலு வருசம் முன்ன இது நண்டுக் காலாட்டம் வளைஞ்சே கெடந்திச்சி. ஒரு டம்ளர் புடிக்க முடியாது. மணிக்கட்டுல இருந்த நரம்ப எடுத்து விரலுக்குக் கொண்டாந்து தெச்சாங்க. தெச்சா மட்டும் ஆடாது. விரல நீட்டுன்னு நெனச்சா நீளாது. மணிக்கட்டத் தூக்குன்னு நெனைக்கணும், அப்பத்தான் விரலு நீளும். அத கத்துக்க மாசக்கணக்குல அளுதுகினு ஒக்காந்து கெடந்தேன். சாவித்ரியம்மாவக் கேளுங்க."

"என்னைக் கடிக்க வந்தா" என்றார் சாவித்ரி.

"இந்தக் கைய மறைக்கவா பாய்?"

ஒரு இடத்தை நினைத்தால் இன்னோர் இடம் அசையும் என்பதைச் சௌகத் அலியின் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. தன் விரல்களின் வேகத்தைப் பற்றி ஊரே பேசியதுண்டு. அவர் அவற்றிடம் ஒருநாளும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இவள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, வழி சொல்லி, திரும்ப வரவழைத்திருக்கிறாள்.

"எந்தப் பூ வேணும்மா?" என்று கேட்டார். கல்யாணப் பெண் ஒருத்தியிடம் அவர் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் யோசிக்கவே இல்லை. "சம்பங்கி. நடுவுல கனகாம்பரம்."

"கனகாம்பரம் தலைக்கு வெக்கிறதும்மா. செண்டுல வெக்க மாட்டாங்க. காம்பே கெடையாது, வாசனையும் கெடையாது."

"அதான் வேணும்" என்று ஜன்னலைக் காட்டினாள். வெளியே சுவரோரம் கனகாம்பரச் செடிகள் வரிசையாகப் பூத்திருந்தன. அதில் தினம் ஒரு பூவைக் கசங்காமல் பறித்து வரச் சொல்வதுதான் சாவித்ரியம்மாவின் கடைசிப் பாடம். கைக்கு அழுத்தம் தெரியாது. கண்ணால் பார்த்தே, எவ்வளவு பிடித்தால் போதும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நூறு பூவுக்கு மேல் கசக்கியிருக்கிறாள். ஒருநாள் ஒரு பூ முழுசாக வந்தது.

செண்டின் கைப்பிடிக்குத்தான் வழி வேண்டியிருந்தது. மூங்கில் குச்சி சிராய்க்கும். அப்போது மாப்பிள்ளை வாசுதேவன் வந்தான். நெம்மேலிக்காரன், ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறையில் வேலை. நோயாளிகளின் உணர்ச்சியில்லாத பாதங்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைப்பவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போய், ஒரு ரப்பர் துண்டைச் சுருட்டி எடுத்து வந்தான்.

"இதுல புடி போட்டா ஒண்ணும் பண்ணாது பாய்."

"செருப்பு ரப்பரா? கல்யாணச் செண்டுக்கா?"

"இன்னும் யாரு காலுக்கும் போவல பாய். நேரா கைக்கு வருது."

செங்கமலம் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் சௌகத் அலியும் சேர்ந்துகொண்டார். ரப்பரை அவள் கையில் கொடுத்து, விரல்கள் சுற்றிப் படிகிற பருமன் வரும்வரை சீவினார். மூன்று தடவை சீவி, நாலாவது தடவை சரியாக உட்கார்ந்தது. அந்த மும்முரத்தில் அவர் கை அவள் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்ததை அவரே கவனிக்கவில்லை.

தை மாசம் இரண்டாவது வாரம் கல்யாணம். நெம்மேலியில், வாசுதேவனின் அக்கா காசியம்மாளின் வீட்டு வாசலில் பந்தல். செண்டையும் மாலைகளையும் யாரிடமும் கொடுத்தனுப்ப மனசில்லாமல் சௌகத் அலியே எடுத்துப் போனார். விடியும் முன் கட்டியது. கம்பி இல்லை, ஊசி இல்லை. முழுக்க ஊறவைத்த வாழைநார். கனகாம்பரத்தைச் சரமாகத் தொடுத்து நடுவில் சுருட்டி வைத்து, சுற்றிலும் சம்பங்கி. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மேல் இல்லை. மாமல்லபுரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தார். ஈரத்துணி போர்த்திய கூடை மடியிலேயே இருந்தது.

பந்தலில் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஊர்க்காரர்கள் சிலர் தள்ளி நின்று பார்த்தார்கள். பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. மாலை மாற்றும்போது செங்கமலம் தலையைக் குனிந்தே இருந்தாள். "பொண்ணுக்கு வெக்கம் பாரு" என்று ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். வெட்கம் இல்லை என்று சௌகத் அலிக்கும் சாவித்ரிக்கும் மட்டும் தெரியும். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவரைதான் பிடி அவள் வசம். கண்ணை எடுத்தால் மாலை இருக்கிறதா விழுந்ததா என்று கை சொல்லாது. மாலை உயர்ந்தது, வாசுதேவன் குனிந்து கொடுத்தான், கழுத்தில் விழுந்தது. சௌகத் அலி அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோ. மாமல்லபுரத்தில் கல் சிற்பங்களுக்கு முன் வெளியூர்க்காரர்களை நிறுத்திப் படம் எடுக்கிறவர் வந்திருந்தார். இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்தார். செங்கமலம் செண்டை மடிக்கு மேலே, நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைகளாலும் பிடித்தாள். விரல்கள் ரப்பரைச் சுற்றி ஒவ்வொன்றாகப் படிந்தன. அவள் அதையே பார்த்தாள்.

"கேமராவப் பாரும்மா" என்றார் போட்டோக்காரர்.

அவள் நிமிரவில்லை.

"தலையத் தூக்கும்மா. குனிஞ்சிகினே இருந்தா மூஞ்சி விளாது."

பாதகமில்லை, குனிந்தே இருக்கட்டும் என்று சொல்ல சௌகத் அலி ஓரடி எடுத்துவைத்தார். சாவித்ரி அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

செங்கமலம் தலையைத் தூக்கினாள். நேராக, கறுப்புத் துணி போர்த்திய கேமராவின் கண்ணாடியைப் பார்த்தாள். கைகள் அவள் பார்வையை விட்டுப் போயின. அங்கே பூ இருக்கிறதா, நழுவுகிறதா, இனி அவளுக்குத் தெரியாது. அவள் உதடு லேசாக அசைந்தது. மணிக்கட்டுக்கு ஏதோ சொல்கிறாள் என்று சௌகத் அலிக்குத் தோன்றியது. போட்டோக்காரர் அளவு பார்த்தார், துணியைச் சரிசெய்தார், மறுபடி குனிந்தார். கடற்காற்று பந்தலைத் தூக்கி அடித்தது. சம்பங்கிகள் ஆடின. அந்தக் கைகள் ஆடவில்லை. சௌகத் அலி தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார், தொழுகைக்கு நிற்பதைப் போல.

படம் எடுத்தாயிற்று. அவள் கீழே பார்த்தாள். பூ இருந்தது. முதலில் வாசுதேவனைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தில் தேடி சாவித்ரியை.

அன்று மத்தியானம் பஸ்ஸில் திரும்பும்போது சௌகத் அலிக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அந்தக் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கேட்காமலேயே ஐந்து விரலும் கம்பியைப் பிடித்திருந்தன. பஸ் குலுங்கினால் இறுக்கின, நின்றால் தளர்த்தின. யார் இவற்றுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

வாசுதேவனும் செங்கமலமும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடித்தனம் வைத்தார்கள். பங்குனியில் சாவித்ரி அந்தப் படத்தில் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். சௌகத் அலி அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஷரீபுன்னிசா விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சி லட்சணமா கீது" என்றாள். பிறகு விரலை வைத்து, "செண்ட எவ்ளோ அளகாப் புடிச்சிகினு கீது பாருங்க."

"ஆமா" என்றார் சௌகத் அலி. அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது. அவர் கீழே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.