தொட்டிக் கல்லில் வியாழக்கிழமை

உத்தமபாளையத்தில் ஆஃப்செட் மெஷினை முதலில் இறக்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அச்சகத்தில் மை துடைத்து, ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்துத்தான் தமிழ் படித்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் என் காலண்டர் தொங்காத வீடு குறைவு. அப்படிப்பட்ட நான் ஒருவரைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அந்த ஆளிடம் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். பெயர் சிக்கந்தர். வக்கீல் குமாஸ்தா.

கோர்ட்டிலேயே கிடந்ததால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், "கேட்டதாண்ணே, பாத்ததாண்ணே?" என்பார். "கொழம்புல உப்புப் போட்டுட்டேன்னு சொன்னாக்கூட இந்த மனுசன் சாட்சி கேப்பாரு" என்று அவர் மனைவி லத்திபா என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

விடுமுறை நாளெல்லாம் அவர் நூறு வருஷத்துக்கு முந்தைய கொலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். விக்டோரியா ராணி காலத்தில், 1876-ல், தாது வருஷப் பஞ்சம். கம்பத்திலிருந்து மலைக்கு அரிசி ஏற்றிப்போன பொதிமாட்டுக்காரர்கள் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக மலையடிவாரத்தில் செத்துக் கிடந்தார்கள். எல்லார் கழுத்திலும் கயிற்றுத் தடம். யாரும் பிடிபடவில்லை. சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் பலமுறை போய், பழைய அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அதைப் புத்தகமாகப் போட என்னைத் தேடி வந்தார். வேறு யாரிடம் போவார்?

அடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. கொன்றவன் அதே ஊர் அம்மாவாசி. அத்தாட்சி, செத்த பொதிமாட்டுக்காரர்களுக்காக ஊர் எழுப்பிய பொதிக்காரன் கோயில் முன்னால் கிடக்கும் மாட்டுத் தொட்டி. பாதி மண்ணில் புதைந்த கல்தொட்டி அது. மேலே 'தாது வருஷம்' என்றும் 'அம்மாவாசி உபயம்' என்றும் தெரியும். கொன்ற பாவத்துக்கு அந்த வருஷமே தொட்டி வைத்தான் என்பது ஊர்ப்பேச்சு. கோயில் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு கட்டு விறகு கொடுப்பது அங்கே வழக்கம். அம்மாவாசி வீட்டு விறகை மட்டும் வாங்கமாட்டார்கள்.

அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் சோணையம்மாள். புருஷன் இல்லை. ஒரே மகன். கொலைகாரன் வீடு என்று சொல்லி அவனுக்கு இரண்டு தடவை பேசி முடித்த சம்பந்தம் கலைந்துவிட்டது. புத்தகம் வரப்போவது தெரிந்து அச்சகத்துக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, எங்க வீட்டு வெறகு அடுப்பேறணும். அதுக்கு ஏதாச்சும் எழுது" என்றாள் சிக்கந்தரிடம்.

"இருந்தா எழுதுறேங்க்கா" என்றார் அவர்.

அப்போது 1996, சித்திரை பிறந்து சில நாட்கள். என் காலண்டர் சுவரில் தொங்கியது. மேலே 'தாது வருஷம்' என்று கொட்டை எழுத்தில் நான் அச்சடித்திருந்தேன். சிக்கந்தர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இந்த வருசமும் தாதுவா?"

"அறுபது வருசத்துக்கு ஒருக்கா சுத்தி வரும்யா. இதுக்கு முன்னால முப்பத்தாறுல வந்துச்சு. அதுக்கு முன்னால ஒம்ம பஞ்சம்."

"அக்கா, ஒங்க வீட்டுல எத்தன அம்மாவாசி?"

சோணையம்மாள் விரல் மடக்கினாள். "எம் புருசனோட தாத்தா பேரு அம்மாவாசி. அவரோட தாத்தா பேரும் அதுதான். பேரன் தாத்தா பேரத்தான வைப்பாக, வேற யாரு பேர வைப்பாக?"

அவ்வளவுதான், மனுஷன் கிளம்பிவிட்டார். என் ஜீப்பில்தான் போனோம். மண்வெட்டியும் என்னுடையது. கோயில் பெரியவர் சுருளி வந்து கத்தினார்.

"ஏலே, கோயில் எடத்துல எவன்டா தோண்டுறது?"

"அண்ணே, இந்தத் தொட்டியில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"தாது வருசம் அம்மாவாசி. பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

"கேட்டதா, பாத்ததா?"

சுருளி குனிந்து தொட்டியைப் பார்த்தார். தோண்டக்கூடாது என்று பிறகு சொல்லவில்லை.

மண்ணுக்குள் மூன்றாவது வரி ஒன்று இருந்தது: 'ஆவணி 5 வியாழக்கிழமை'. பழைய பஞ்சாங்கங்களைத் தேடி மதுரையில் ஒரு ஜோசியர் வீட்டுப் பரண் வரை ஏறினார் சிக்கந்தர். 1876-ல் ஆவணி ஐந்து சனிக்கிழமை. 1936-ல் வியாழக்கிழமை. ஆக, தொட்டி வைத்தது பேரன் அம்மாவாசி. பஞ்சத்தின்போது அவன் பிறக்கவே இல்லை. பேரும் ஒன்று, வருஷமும் ஒன்று என்பதால் பேரன் செய்த தர்மத்தைத் தாத்தாவின் பாவமாக்கி விட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆரம்பம் என் காலண்டர்.

நான் குதித்தேன். "ஆளு நிரபராதின்னு கொட்டை எழுத்துல போடுவோம்யா!"

"அது தெரியாதேண்ணே."

அவர் கையில் வேறொரு தாளும் இருந்தது. பஞ்சத்தின்போது பழைய அம்மாவாசி வீட்டில் புதிதாக இரண்டு பொதிமாடுகள் நின்றன என்று ஓர் அதிகாரி எழுதிவைத்திருந்தார். எப்படி வந்தன என்று அதில் இல்லை. சிக்கந்தர் அதையும் புத்தகத்தில் சேர்த்திருந்தார். சோணையம்மாளைக் கூப்பிட்டு அவரே வாசித்தும் காட்டினார்.

அவள் முகம் செத்துவிட்டது. "மாட்டுக் கதைய எடுத்துரு தம்பி. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"எடுக்க முடியாதுக்கா."

"அப்ப நீயும் அவுகள மாதிரித்தான். எங் குடியக் கெடுக்கத்தான் இங்கன வந்திருக்க" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போனாள்.

நானும் சண்டை போட்டேன். "யோவ், கொன்னவன் யாருன்னும் சொல்லமாட்டேங்குற. கொல்லாதவன் யாருன்னும் சொல்லமாட்டேங்குற. இத எவன்யா வாங்குவான்?"

"தெரிஞ்சது இம்புட்டுத்தாண்ணே. ஒண்ண மறைச்சேன்னா, தொட்டியில இருக்கிற வியாழக்கெழமையையும் நம்பமாட்டாக."

அச்சடித்தேன். என் மெஷினில் வந்த புத்தகம், எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு பிரதியைச் சுருளியிடம் நானே கொடுத்தேன். பொங்கலுக்குச் சில நாள் முன்னால் அவர் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்தார். சிக்கந்தரும் இருந்தார்.

"அப்ப அம்மாவாசி கொல்லலையா?" என்று கேட்டார் சுருளி.

"தெரியாதுண்ணே."

"கொன்னானா?"

"அதுவும் தெரியாது. அவருதான் கொன்னாருன்னு சொல்ல ஊருக்கிட்ட இருந்தது அந்தத் தொட்டி ஒண்ணுதான். அது இப்ப இல்ல."

சுருளி மூக்கைச் சொறிந்தார். "சோணையம்மா ஒன்ன வளைச்சுப் போட்டுத்தான் எழுதச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். மாட்டுக் கதையப் படிச்சதும் அது போயிருச்சு. வளைஞ்சவன் அத எழுதமாட்டான்." பிறகு எழுந்தார். "எங்கப்பன் காலத்துல நிறுத்துனது. நாந்தான் சொல்லணும். வெறகக் கொண்டாரச் சொல்லு."

நானே போய்ச் சொன்னேன். சோணையம்மாள் என்னை நம்பாமல், "வாசல்ல வச்சு அசிங்கப்படுத்தவா?" என்று கேட்டாள். ஆனால் பொங்கலன்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கோயிலுக்கு எட்டவே நின்றாள். சுருளி நடந்துபோய்ச் சுமையை இறக்கி, அடுப்பில் முதலில் அதைத்தான் வைத்தார். அவசரத்தில் பச்சை விறகாக வெட்டிவிட்டாள் போல. ஒரே புகை. கூட்டம் கண்ணைக் கசக்கியது.

"ஏலே, யாரு வீட்டு வெறகுடா இது?" என்று யாரோ இருமிக்கொண்டே திட்டினார்கள்.

"எங்க வீட்டுது!" என்று கத்தினாள் சோணையம்மாள். "இத்தன வருசமா வாங்காம வச்சிருந்தா ஈரமாத்தான் இருக்கும். ஊதுங்கடா!"

கூட்டம் சிரித்தது. சிக்கந்தரைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டுக் கதையை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் மகன் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் பெரியவர்கள் வரிசையில் போடச் சொன்னாள். அதையும் நான்தான் அச்சடித்தேன்.

சிக்கந்தர் 2008-ல் காலமானார். புத்தகம் மூன்று பதிப்பு கண்டுவிட்டது. கொன்றது யார் என்று அச்சகத்துக்கே வந்து இன்னும் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்கிறேன். எனக்குத் தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொல்கிற ஒரே விஷயம் இதுதான்.