ஏழாம் கேள்வியின் விடை

அந்தத் தேர்வில் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவதை எழுதியவள் நான். எழுதி ஒரு வருடமாகியும் அது மனப்பாடமாக இருக்கிறது.

"நீங்கள் ரோந்துப் படகில் இருக்கிறீர்கள். ஒரு வள்ளம் நங்கூரமிட்டு நிற்கிறது. அதன் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. என்ன செய்வீர்கள்?"

நான்கு விடைகள். அ: ஒலிபெருக்கியில் எச்சரிப்பேன். ஆ: பக்கத்தில் போய்த் தமிழில் வணக்கம் சொல்லி, எழுந்து வரும்படி பணிவாகக் கேட்பேன். இ: தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர் கை காட்டும்வரை காத்திருப்பேன். ஈ: மேலிடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு நகர்ந்துபோவேன்.

சரியான விடை இ. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

சென்னையில் தேர்வுகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வங்கிக்கு ஆள் எடுக்க, தொழிற்சாலையில் மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்க என்று எதையாவது அளந்துகொண்டே இருப்போம். அந்த முறை வந்தது கடலில் ரோந்து போகும் ஒரு படைப்பிரிவுக்கான வேலை. வெளிமாநிலங்களிலிருந்து தூத்துக்குடிக் கரைக்கு வரும் படைவீரர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத மக்களோடு எவ்வளவு பொருந்தி நடக்கிறார்கள் என்பதை எண்ணாக மாற்றித் தரவேண்டும். முதல் பகுதியில் வீரர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் நாற்பது வாக்கியங்கள். இரண்டாவதில் இந்தப் பன்னிரண்டு சூழ்நிலைகள். மூன்றாவது, வீரர்கள் எழுதும் தேர்வே அல்ல. கரையில் இருப்பவர்கள், தாங்கள் கடலில் சந்திக்கும் வீரர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். தாளில் வரும் எண்ணும் கரை தரும் எண்ணும் ஒத்துப்போனால் தேர்வு சரியாக அளக்கிறது என்று பொருள்.

திட்டத்துக்குத் தலைவியாக இருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சென்னைக்குப் போன முதல் வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, எட்டு நாள் விடுதிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கணக்கு சரியாக வராது.

"உன் ஊர்தானே, நீயே போயிட்டு வா" என்றார் அக்கா.

என் ஊர் ஸ்ரீவைகுண்டம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஆற்றுத் தண்ணீரும் வயலும் பார்த்து வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது, அது உப்பாக இருக்கும் என்பது மட்டுமே.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் ஒரு வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். குளிப்பவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய மனைவியின் அண்ணன்தான் மேலே இருந்து டியூப் பிடிப்பவர். கம்ப்ரசரிலிருந்து காற்றுப் போகும் மஞ்சள் டியூப் அது. குளிப்பவர் அதன் முனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார். இவர் வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அதை விரல்களுக்கு நடுவில் ஓடவிடுவார்.

இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் நோட்டைத் திறந்து, "அண்ணாச்சி, எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்றேன். பதில் இல்லை. கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கிட்டப் போய்க் கேட்டேன். முதுகுகூட அசையவில்லை. படித்த பெண் என்று வேண்டுமென்றே அலட்சியப்படுத்துகிறார் என்று நினைத்து, நோட்டில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதிவைத்தேன்.

குளிப்பவர் மேலே வந்து, இடுப்புப் பையிலிருந்து சங்குகளைக் கொட்டிய பிறகுதான் டியூப் பிடிப்பவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னமோ கேட்டியே ஏளா, என்ன அது?"

"மூணு தடவை கூப்பிட்டேன், அண்ணாச்சி."

"நாலு தடவ கூப்பிட்டாலும் அம்புட்டுத்தான். ஆளு கீழ கெடக்கான்லா? அவன் பேசுதது இந்த டியூப்புலதான். ஒரு இழுப்புன்னா விடு. ரெண்டுன்னா பை நெறஞ்சிட்டு. மூணுன்னா தூக்கு. நான் ஒனக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கும்போது அவன் மூணு இழுத்தான்னா?"

குளிப்பவர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "எங்க மச்சான் தாலி கட்டும்போதுகூட திரும்பிப் பாக்கலையாம் பிள்ள. பொண்ணு யாருன்னு மறுநாள்தான் தெரியுமாம்."

"ஏலே, ஒந் தங்கச்சியவா கட்டினேன்? வாய மூடிட்டு டீயக் குடி."

நோட்டில் எழுதியதை அடித்தேன். ஏழாம் கேள்வி அங்கேதான் பிறந்தது. கூப்பிட்டும் திரும்பாத மனிதன் அவமரியாதை செய்யவில்லை. அவன் கையில் இன்னொருவனின் மூச்சு இருக்கிறது.

கரைக்கு வந்ததும் குளிப்பவரின் இடது கால் லேசாக இழுத்துக்கொண்டு போவதைக் கவனித்தேன். முன்பொரு நாள் ஒரு ரோந்துப் படகு எஞ்சினை நிறுத்தாமல் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அலையில் வள்ளம் தூக்கிப்போட, டியூப் அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டது. மூச்சில்லாமல் வேகமாக மேலே வந்தவருக்குக் கால் மரத்துப்போய், ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். படகில் வந்தவர் கெட்டவர் இல்லை. நல்ல தமிழில் வணக்கம் சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

மதிப்பெண் போட ஆறு பேர் கொண்ட குழு வேண்டியிருந்தது. இந்த இருவர் போக, மற்ற நால்வரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். டியூப் பிடிப்பவர் மட்டும் ஒப்புதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"நீ என்ன வேணா எழுது பிள்ள. எங்கள நல்லவம்பியோ கெட்டவம்பியோ. ஆனா இது ஒண்ணு மட்டும் மாறப்பிடாது. தூரத்துல நிப்பாட்டணும், கை காட்டுத வரைக்கும் வரப்பிடாது. இத எழுதித் தருவியா?"

"அப்படியே வரும், அண்ணாச்சி. ஒரு எழுத்து மாறாது."

அவர் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையையும் போடச் சொன்னார்.

வீரர்களின் படங்களுக்கு எண் போட்டு, தரையில் பரப்பி வைத்தேன். கரையில் எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்தது. கைகூப்பியபடியே வந்து, டியூப்பை இழுத்துவிட்டுப்போனவருக்கு 'வணக்கம் சார்'. ஒடிசா பக்கத்திலிருந்து வந்த, ஒரு தமிழ் வார்த்தையும் தெரியாத இன்னொருவருக்கு 'பேசாத சார்'. இவர் முதல் முறை வந்தபோதே தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கைவைத்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். ஆறு பேரும் இவருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். வணக்கம் சாருக்கு ஒன்று. "அதும் அந்த வணக்கத்துக்காகத்தான்" என்றார் குளிப்பவர்.

தாளில் வந்தது நேர் எதிராக இருந்தது. 'இங்குள்ள மக்களின் வழக்கங்கள் எனக்கு நன்றாகத் தெரியும்' என்ற வாக்கியத்துக்குப் பேசாத சார் 'இல்லை' என்று குறித்திருந்தார். நாற்பதில் பாதிக்குமேல் அப்படித்தான். வணக்கம் சார் நாற்பதுக்கும் 'முழுமையாக ஆம்'. தன்னைப் பற்றி உயர்வாகச் சொன்னவர்களெல்லாம் ஏழாம் கேள்விக்கு ஆ என்று எழுதியிருந்தார்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள்தான் இ.

எங்கள் தொழிலில் இது ஒரு அபாயக் குறி. மொத்தத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் தவறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் விடையைத்தான். எனவே முறைப்படி, மதிப்பெண் அட்டவணையில் ஏழாம் கேள்வியின் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, 'மற்றவற்றுக்கு எதிராகப் போகிறது. விடையைச் சரிபார்க்கவும்' என்று எழுதினேன். பிறகு நானே சரிபார்த்தேன். விடை சரி, கோளாறு முதல் பகுதியில்தான், அது தற்பெருமையை அளக்கிறது, கரையின் மதிப்பெண்களே அதற்குச் சாட்சி என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன்.

"சூப்பர் நோட்டுப்பா. நான் பார்த்துக்கறேன்" என்று அக்கா குரல்செய்தி அனுப்பினார். அதைச் சேமித்துவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பயிற்சித் தாளைப் பிழைதிருத்தும் வேலை என்னிடம் வந்தது. பன்னிரண்டு சூழ்நிலைகளும் சரியான விடைகளும். லேமினேட் செய்து ஒவ்வொரு ரோந்துப் படகிலும் மாட்டுவதற்கு. ஏழாவதில் 'பக்கத்தில் போய்த் தமிழில் வணக்கம் சொல்லவும்' என்று இருந்தது.

அச்சுப் பிழை என்று நினைத்தேன். திருத்தப் பதிவேட்டைத் திறந்தேன். 'கேள்வி 7: விடை இ என்பது ஆ என மாற்றப்பட்டது. உள்ளூர் மக்கள் குழுவின் ஆலோசனைப்படி, களப்பணியாளரால்.' அதன்கீழே என் இனிஷியல். ஆதாரமாக என்னுடைய மஞ்சள் கட்டத்து வாக்கியம். மூன்று பக்கக் குறிப்பு எங்கேயும் இல்லை. கரையின் மதிப்பெண்களும் இல்லை. 'மாதிரி மிகச் சிறியது என்பதால் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும்.

கேன்டீனில் அக்கா தனியாக இருந்தார்.

"அக்கா, ஏழாவது விடை மாறியிருக்கு."

"ஆமாப்பா. நீதானே செக் பண்ணச் சொன்ன?"

"செக் பண்ணி, சரியா இருக்குன்னும் எழுதியிருந்தேன். மூணு பக்கம்."

"மூணு பக்கத்த யாரு படிப்பாங்க? நம்பர் நல்லா வருதா, எப்ப முடியும், இது ரெண்டுதான் கேட்டாங்க. விடைய மாத்தினதும் நம்பர் ஏறிடுச்சு. மத்த பதினொண்ணோட அழகா சேருது."

"தண்ணிக்குள்ள ஆள் இருப்பாங்கக்கா."

"இது டெஸ்ட்டுடா. டெஸ்ட்ட பாத்து யாரும் போட் ஓட்டப் போறதில்ல."

"படகுல மாட்டத்தான் லேமினேட் பண்றாங்க."

அவர் காப்பி டம்ளரைச் சுற்றினார். "நீ ரொம்ப எமோஷனலா எடுத்துக்கற."

"என் இனிஷியல் எதுக்குக்கா?"

"களத்துல இருந்தது நீதானே? உன் பேரும் வரட்டும்னுதான் போட்டேன். உனக்கு நல்லதுன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கஞ்சி கொண்டுவந்த அதே முகத்தோடு, அதே அக்கறையோடு சொன்னார். நான் சண்டை போடவில்லை. என் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இருக்கைக்குப் போனேன்.

படைப்பிரிவுக்கு எழுதினேன். நிறுவனம் மூலமாகத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்தது. நிறுவனத்தின் இயக்குநருக்கு எழுதினேன். குழுவின் ஆலோசனைப்படிதான் மாற்றம் என்று பதிவில் இருக்கிறது, அதே ஆறு பேரும் மறுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. தாள் தயார்செய்துகொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

நான் போனது ஞாயிற்றுக்கிழமை. வள்ளங்கள் கரையில் இருந்தன. டியூப் பிடிப்பவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, மஞ்சள் டியூப்பை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குளிப்பவர்.

"வாளா வா. எங்க சாருமாரு பாஸா பெயிலா?" என்றார் குளிப்பவர்.

சொன்னேன். எதையும் விடாமல், நடந்த வரிசையிலேயே சொன்னேன்.

குளிப்பவர்தான் முதலில் பேசினார். "அப்பம் வணக்கம் சாரு முதல் மார்க்கா? மச்சான், கேட்டியளா? எங் காலுக்கும் சேத்து மார்க்குப் போட்டிருப்பானுவ."

டியூப் பிடிப்பவர் சிரிக்கவில்லை. "அந்தப் பேப்பர்ல எங்க பேரு இருக்கா?"

"பேர் இல்ல, அண்ணாச்சி. உள்ளூர் மக்கள் குழுன்னு இருக்கு."

"அப்பம் நாங்க சொன்னதுன்னு இருக்கு."

"ஆமா."

"ஆளு கீழ கெடக்கும்போது கிட்ட வாங்கன்னு நான் சொல்லியிருக்கேன். எம் மாப்ளைக்கு."

"நீங்க சொல்லல. அதத்தான் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். நீங்க ஆறு பேரும் கையெழுத்துப் போட்டா மாத்திருவாங்க."

"மாத்திருவாங்களா?"

"பரிசீலிப்பாங்க."

அவர் டியூப்பில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "போன தடவ போட்ட கையெழுத்து இப்பம் எங்க நிக்கின்னு பாத்தியளா? படகுபடகா மாட்டப்போறாவ. இதக் கொண்டுபோயி எங்கன மாட்டுவாவன்னு ஒங்களுக்கும் தெரியாது. தெரியுமா, மேடம்?"

அதுவரை அவர் என்னைப் பிள்ள என்றும் ஏளா என்றும்தான் கூப்பிட்டிருந்தார்.

"மச்சான், அவ நம்மளுக்காகத்தான்…" என்று குளிப்பவர் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருலே. ஓர்மையில்லாம இருந்தது இவுக இல்ல, நானு. மாறாதுன்னு ஒரு வார்த்த சொன்னாவ, நம்பிட்டேன்."

அவர் தலையைக் குனிந்து டியூப்பைச் சுருட்டத் தொடங்கினார். குளிப்பவர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், காலை இழுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

"அண்ணாச்சி" என்றேன்.

திரும்பவில்லை. கடலில் என்றால் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். இங்கே கீழே யாரும் இல்லை. கம்ப்ரசரும் ஓடவில்லை. நான் சொன்னது அவருக்கு நன்றாகக் கேட்டது.

கிட்டப் போய் மறுபடி கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. பத்தடி தள்ளிக் கிடந்த ஒரு வள்ளத்தின் நிழலில், தாளையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டியூப் முழுதும் சுருண்டது. அவர் அதை ஒரு கயிற்றால் கட்டினார். பிறகு கட்டை அவிழ்த்து, முதலிலிருந்து அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். அவர் கை காட்டவில்லை. நான் காத்திருந்தேன்.