அத்தான் வைத்த மாட்டுக்கறி

என் அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, கறி வெட்டத் தெரியும். சமையல் என்றால் காத தூரம் ஓடுவார். மீசை முளைத்த நாளிலிருந்து கறிக்கடையில் நிற்கிற மனுஷர். வாய் ஓயாது. கடையில் அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்த பிறகுதான் அந்த ரேடியோ அணைந்தது. சிகிச்சை முடிந்தும் அவள் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த வாரமும் எடை குறைஞ்சா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குழாய் என்றாலே அக்காவுக்கு நடுக்கம். பக்கத்துக் கட்டில்காரி பட்ட பாட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தவள் அவள்.

"மெத்துனு வெந்த கறின்னா முழுங்கிடுவா. நானே வைக்கிறேன்" என்றார் அத்தான்.

"நீங்களா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?" என்றேன். வழக்கமாக இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்வார். அன்று நேரே போய் ஸ்லோ குக்கரை எடுத்துக் கழுவி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோள்பட்டைக் கறியை ஒரே துண்டாகக் கொண்டுவந்து, வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டார். ஸ்லோ குக்கரில் வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் அடுக்கி, மேலே கறியை வைத்து, தண்ணீர் விட்டு மூடினார். சாயங்காலம் வரை சின்னச் சூட்டில் கிடந்தது. வீடெல்லாம் வாசனை. நான் மூடியில் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டார்.

"தொறந்தா சூடு போயிடும். உங்க அக்கா என்னைக் கொன்னுடுவா."

மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். கறி கரண்டி பட்டதும் நார்நாராகப் பிரிந்தது. அக்கா ஒரு வாய் முழுங்கினாள். இன்னொரு வாய். அடி அம்மா, எத்தனை நாளாச்சு இதைப் பார்த்து!

"நல்லா வெந்திருக்குங்க. உப்பும் கரெக்டா இருக்கு" என்றாள்.

அத்தானுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா கொழுந்தியா? தோள்பட்டைக் கறின்னா சும்மாவா?" என்று ஆரம்பித்தவர், பேசிக்கொண்டே தானும் ஒரு துண்டை வாயில் போட்டார். பேச்சு நின்றுவிட்டது. நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு துளி உப்பு இல்லை.

அந்த வீட்டில் அத்தான் கறியை வெட்டித் தருவார், அக்கா அடுப்பில் வைத்து உப்புப் போடுவாள். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

"நான் உப்பே போடலையே… எப்பவும் நீ போடுறதாச்சே, மறந்தே போச்சு" என்றார், ரொம்ப மெதுவாக.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு எதுவுமே தெரியலைங்க. ரொம்ப நாளா வாயில ருசியே இல்ல. சொன்னா ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல."

அத்தான் எழுந்து போய் உப்பு டப்பாவோடு வந்து நின்றார். எதற்கு எடுத்தோம் என்றே தெரியாமல் நின்றார், பாவம்.

"உங்களுக்குப் போட்டுக்கங்க. நான் இப்படியே சாப்பிடுறேன், அந்தக் குழாய் மட்டும் வேணாம்" என்று அக்கா அடுத்த வாயை எடுத்தாள்.

அத்தான் டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, தன் தட்டில் இருந்ததை அப்படியே சாப்பிட்டார். அதற்கப்புறமும் எவ்வளவோ திட்டிப் பார்த்தேன். அக்கா இருந்தவரை அவர் உப்புப் போட்டுக்கொள்ளவே இல்லை.