உளுந்தூர்பேட்டை வரை வந்த அப்பா

ஐஸ் பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு உறுமும் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றும் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா அந்தப் பெட்டிக்குள் கிடந்தார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகனான என் அப்பா குவைத்தில் இருந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்ததால், பிளேனை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்களுக்கும் பயண நேரக் கணக்கு அத்துப்படி. குவைத்துக்குப் போய்த் திரும்பியிருந்த எதிர்வீட்டு மாமா, பந்தலில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்கேர்ந்து மெட்ராஸ் அஞ்சு மணி நேரம்தான். மெட்ராஸ்லேர்ந்து இங்க வர்றதுக்கும் அதே அஞ்சு மணி நேரம் ஆவுது. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாப்ல."

அப்பா வரமாட்டார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்து, எங்கேயோ ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்தார். பாஸ்போர்ட் அந்த முதலாளியிடம். விடியற்காலையில் போனில் இதைச் சொல்லி அழுதார். அம்மா போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், "கெளம்பிட்டாருங்க" என்றாள். அத்தனை சனத்துக்கு முன்னால் உள்ளதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சொன்ன பொய்யை அப்படியே நிறுத்திவைக்க முடியவில்லை, நேரம் ஆக ஆக அதுவும் நகர வேண்டியிருந்தது. பத்து மணிக்குமேல் அப்பா மெட்ராஸில் இறங்கினார். மத்தியானம் திண்டிவனம் தாண்டினார். "எங்க வந்துகினு இருக்காரும்மா உங்கப்பா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அம்மா சொன்ன ஊரையே சொன்னேன், மாமா கணக்குப் பார்த்துத் தலையாட்டினார். "உளுந்தூர்பேட்டை வந்துட்டாருங்க" என்றபோது மேளக்காரர்கள் மேளத்தைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். சங்கராபுரத்துச் சொந்தக்காரர்கள் ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தியாகதுருகம் ஆயிற்று, கள்ளக்குறிச்சியும் ஆயிற்று. அதற்குமேல் சொல்ல ஊர் இல்லை.

எல்லோரும் எழுந்து தெருமுனையைப் பார்த்து நின்றார்கள். அம்மா மாமாவிடம் போய், "அண்ணே, அவரு வரல. கெளம்பவே இல்ல" என்றாள்.

"தெரியும்மா. மத்தியானமே குவைத்ல இருக்கற நம்ம பையன் போன்ல சொல்லிட்டான். நீயா சொல்லட்டும்னு கம்முனு இருந்தேன்."

பங்காளி முறையில் ஒரு சித்தப்பா கொள்ளி வைத்தார். யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பிறகு பல நாள் பள்ளிக்கூடத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டேதான் போனேன்.

குவைத் அரசின் பொது மன்னிப்பு கிடைத்து அப்பா வந்துசேரச் சில வருஷங்கள் ஆயின. அந்த நாளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. இப்போது போனைத் தொட்டால் பிளேன் எந்தக் கடல்மேல் பறக்கிறது, கார் எந்த டோல்கேட்டில் நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. அம்மா சொன்னது மாதிரி ஒரு பொய்யை இனி யாரும் சொல்ல முடியாது. போன வாரம் என் கணவர் துபாயிலிருந்து வந்தபோது, அப்பா என் போனில் அந்தப் பிளேன் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே அம்மாவிடம் கேட்டார்:

"அன்னிக்கு எனக்காக அப்பாவ ரொம்ப நேரம் வெச்சிருந்தீங்களா?"

"இல்லீங்க. காலைலயே எடுத்துட்டோம்" என்றாள் அம்மா.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.