ஊமைக் கணினிக்கு முன்னால் ஒரு சிரிப்பு

நேற்று அந்தப் படத்தை இணையத்தில் தேடி எடுத்தேன். கிளிநொச்சியில் எங்கள் கணினி வகுப்பு. காதில் ஹெட்போனோடு லோகினி சிரிக்கிறாள். ‘கணினி வாசிப்பதைக் கேட்டு மகிழும் பார்வையற்ற மாணவி’ என்று கீழே ஒரு வரி. சீ! பச்சைப் பொய். அன்றைக்கு அந்தக் கணினி வாயே திறக்கவில்லை.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். அன்பளிப்பு என்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பழைய கணினிகளின் மூடியைக் கழற்றினால் எலி மூத்திர நாற்றம் எழும்பும். இன்றைக்கும் அந்த நாற்றம் அடித்தால் எனக்கு லினக்ஸ் இயங்குதளம்தான் ஞாபகம் வரும். அந்தப் பெட்டிகளைக் குடைந்து படித்த படிப்பு அப்படி. அவற்றிலிருந்த ஒலி அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸில் இல்லை. மாணவர்கள் ‘சேர்’ என்று கூப்பிடுகிறார்களே என்ற மிதப்பில் நானே எழுதக் கிளம்பினேன். லோகினிக்குக் கணினி பேசியாக வேண்டும். ஷெல் வீச்சில் கண் போனதிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கவும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது அவளுக்கு.

ஜெனரேற்றர் ஓடுகிற நேரமெல்லாம் முயன்றேன். அட்டை மூச்சு விடவில்லை.

“நான் குருடு, இது ஊமை. நல்ல சோடிதான் சேர்” என்பாள்.

அதற்குள் உதவி தந்தவர்கள் கமெராவோடு வந்துவிட்டார்கள். “இன்னும் வேலை செய்யேல்லை” என்றேன். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், “படத்துக்குத்தானே, அதிலை சத்தமே விழப்போகுது? பிள்ளை, ஒருக்காச் சிரியுங்கோ” என்றார். அவளும் சிரித்தாள். அவர்கள் தந்த பிஸ்கட்டை நான் தொடவில்லை.

பிழை பிறகுதான் பிடிபட்டது. நினைவகத்தின் ஒரே இடத்துக்கு, இயங்குதளத்தின் கருவான கேர்னல் ஒரு முகவரி வைத்திருக்கும்; பஸ் என்கிற இணைப்புத் தடத்தில் செருகிய அட்டைக்கு அது வேறு முகவரி. மாற்றிக் கொடுக்க ஒரு செயற்கூறு இருந்தது. நானோ கேர்னலின் முகவரியை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தேன். அட்டை ஒன்றுமில்லாத இடத்தைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வரியைத் திருத்தினேன். கணினி கரகரத்த இங்கிலிஷில் வாசிக்கத் தொடங்கியது. லோகினி சிரிக்கவில்லை, அழுதாள். “நிப்பாட்டாதேங்கோ சேர்” என்றாள். அதைப் படமெடுக்க ஒருவரும் வரவில்லை.

இப்போது அந்தச் செயற்கூறு பழசாகிவிட்டதென்று கேர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வகுப்பு நடந்த இடத்தில் வெறும் அத்திவாரம். லோகினியைக் கடைசியாக, இறுதிப் போரில் சனம் ஒதுங்கிய மாத்தளன் பக்கம் கண்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு கதையும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடும் போராட்டப் பந்தலில் கையில் பிடிக்க அவளுடைய அம்மாவிடம் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

இணையத்தில் எடுத்த படத்தின் கீழேயிருந்த வரியை வெட்டிவிட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா கனநேரம் பார்த்தார்.

“கொம்பியூட்டர் வாசிக்கிறதைக் கேட்டுச் சிரிக்கிறாள், என்ன தம்பி?”

“ஓம் அம்மா” என்றேன்.